ஜெட் ப்ரோவோஸ்ட் டே-க்ளோ பட்டை: போட்டோவுக்கு ஒரு கலரா இருக்கு, எதைப் பாத்து அடிக்கிறது?

அட்டைப்பெட்டி_விமானி

வணக்கம் எல்லாருக்கும். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல், ஜெட் ப்ரோவோஸ்ட் டி.3ங்கற பிரிட்டிஷ் பயிற்சி ஜெட், ஒண்ணு ரெண்டு மாசமா மேஜையில நிக்குது. சில்வர் அடிச்சு முடிச்சாச்சு, இப்ப டே-க்ளோ (பகல் வெளிச்சத்துலயே பளீர்னு ஒளிர்ற ஃப்ளோரசன்ட் பெயிண்ட்) பட்டை போடணும், அங்கதான் கை ஓட மாட்டேங்குது. தெரியாதவங்களுக்கு, 1960 வாக்குல பிரிட்டிஷ் ஏர்ஃபோர்ஸ் தன்னோட பயிற்சி விமானங்கள்ல மூக்கு, வால் பக்கத்து உடம்பு, இறக்கைன்னு அங்கங்க கண்ணைக் குத்துற ஆரஞ்சு-சிவப்புல பட்டை போட்டு வச்சிருந்தாங்க. ஜெட் ப்ரோவோஸ்ட், சிப்மங்க், வர்சிட்டி, வாம்பயர் எதை எடுத்தாலும் இதே அலங்காரம்தான்.

ரெஃபரன்ஸுக்குன்னு அந்தக் காலத்து கலர் போட்டோ ஒரு பதினஞ்சு சேத்து வச்சேன், ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வரல. ஒண்ணுல தணல் மாதிரி இருக்கு, ஒண்ணுல துவைச்சு துவைச்சு வெளுத்த காவி வேட்டி மாதிரி இருக்கு, இன்னொண்ணுல கிட்டத்தட்ட ரோஸ்மில்க். அதைவிடக் கொடுமை, ஒரே விமானத்துலயே மூக்குல இருக்கற பட்டை ஒரு கலர், வால்கிட்ட இருக்கறது வேற கலர். கருப்பு வெள்ளை போட்டோ பாத்தா சிலதுல பட்டை வெளிறித் தெரியுது, சிலதுல கருகருன்னு இருக்கு.

டமியா டிஎஸ்-36 ஃப்ளோரசன்ட் ரெட் ஸ்ப்ரே வாங்கி ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன்ல சில்வர் மேல அடிச்சுப் பாத்தேன், செங்கல் பொடி தடவின மாதிரி மங்கலா வந்துச்சு. எது சரியான கலர், எப்படி அடிச்சா வரும், இன்னொண்ணு ரொம்ப நாளா மனசுல இருக்கறது, ஒளிஞ்சு பறக்க வேண்டிய ராணுவ விமானத்துக்கு எதுக்கு இப்படி ஒரு பெயிண்ட்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்டிக்கர்_கடைக்காரர்

தம்பி, எனக்கு விமானம் பத்தி அவ்வளவா தெரியாது, மகன் மாடல் கட்றான் அதனால இந்தப் பக்கம் வருவேன், ஆனா இந்தக் கலரோட இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன் அதனால சொல்றேன். மதுரையில ஸ்டிக்கர் கடை. நம்மூர்ல எல்லாத்தையும் ரேடியம்னு ஒரே பேர்ல சொல்லிருவோம், கஸ்டமர் வந்து ரேடியம் ஸ்டிக்கர் குடுங்கன்னா நான் மூணு ஷீட் எடுத்துப் போடுவேன். ஒண்ணு லைட் அடிச்சா திருப்பி அடிக்கிறது, லாரிக்குப் பின்னாடி சிவப்பு வெள்ளையா ஒட்டுறோமே அது. ஒண்ணு இருட்டுல கொஞ்ச நேரம் தானா பச்சையா மினுங்குறது. மூணாவதுதான் நீங்க கேக்குறது, ராத்திரி அது ஒரு பிரயோஜனமும் இல்ல, பகல் வெளிச்சத்துலதான் வேலை செய்யும், வெயில்ல பாத்தா உள்ளுக்குள்ள பல்பு எரியுற மாதிரி இருக்கும். பேர்லயே டே இருக்கே.

உங்க போட்டோல ஏன் பதினஞ்சு கலர் இருக்குன்னா அது வெளுக்குது தம்பி, அவ்வளவுதான். சாதா வினைல் அஞ்சு வருஷம் நின்னா இது ஒரு வருஷம் கூட முழுசா நிக்காது. எங்க கடை வாசல்ல ரோல் மாட்டி வச்சிருப்போம், வெளிச்சுத்து வெயில் பட்டு சோடையாப் போயிருக்கும், ரெண்டு சுத்து பிரிச்சா உள்ள புதுசா பளீர்னு இருக்கும், கஸ்டமர் முன்னாடியே பிரிச்சுக் காட்டித்தான் விக்கணும் இல்லன்னா பழைய சரக்குன்னு போயிருவாங்க.

ஒரு ஸ்கூல் வேன் கதவுல ஆரஞ்சு ஃப்ளோரசன்ட் பட்டை ஒட்டி அதுமேல கருப்புல பேர் வெட்டி ஒட்டிக் குடுத்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு பேர் மாத்தணும்னு வந்தாங்க. பட்டை வெளுத்து லேசா மஞ்சக் கலந்த ரோஸா இருக்கு, கருப்பு எழுத்தை ஒவ்வொண்ணா உரிக்க உரிக்க அடியில எழுத்து வடிவத்துலயே நான் அன்னிக்கு ஒட்டுன அதே ஆரஞ்சு. பழைய பேரை அப்படியே படிக்கலாம். உங்க விமானத்துலயும் பட்டை மேல நம்பர் ஏதாச்சும் ஒட்டியிருந்தா அடியில இப்படித்தான் இருந்திருக்கும்.

ரன்வே_27

ஸ்டிக்கர் கடை அண்ணன் சொன்னது அருமை, அந்த வேன் கதவு கதையை நான் இனி எல்லார்கிட்டயும் சொல்வேன். அந்த வெளுப்புக்குக் காரணமும் கலருக்குள்ளயேதான் இருக்கு. சாதா ஆரஞ்சு பெயிண்ட் என்ன பண்ணும், மேல விழற வெளிச்சத்துல ஆரஞ்சை மட்டும் திருப்பி அனுப்பும், மத்ததை முழுங்கிடும். இந்த சாயம் அந்த முழுங்கின நீலம், பச்சை, கண்ணுக்கே தெரியாத புற ஊதா எல்லாத்தையும் ஆரஞ்சா மாத்தி வெளிய விடுது, அதனால அந்த ஒரு கலர்ல மட்டும் விழுந்த வெளிச்சத்தை விட அதிகமா திரும்பி வரும். வெள்ளைத் தாளை விட பளீர்னு தெரியறது அதனாலதான். ஆனா எந்தப் புற ஊதாவைக் குடிச்சு அது எரியுதோ அதே புற ஊதா சாயத்தோட மூலக்கூறை உடைச்சுக்கிட்டே இருக்கு. ஆக, பளீர்னு எரியற ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டிருக்கு.

இதைக் கண்டுபிடிச்ச கதையும் நல்லா இருக்கும். கலிஃபோர்னியால ஸ்விட்சர்னு அண்ணன் தம்பி, பாப், ஜோ. 1933ல பாப் கோடை லீவுல தக்காளி இறக்குற வேலைக்குப் போன இடத்துல விழுந்து தலையில அடிபட்டு பார்வை பாதிச்சுது, டாக்டர் இருட்டு அறையில இருன்னு சொல்லிட்டார். தம்பி ஜோ மேஜிக் ஷோ பண்றவர், இருட்டுல ஒளிர்ற சாமான் வச்சு வித்தை காட்டணும்னு ஆசை. ரெண்டு பேரும் புற ஊதா விளக்கு ஒண்ணை எடுத்துட்டு அப்பாவோட மருந்துக்கடையில இருட்டுல ஒவ்வொரு பாட்டிலா காட்டிப் பாத்து எது மினுங்குதுன்னு தேடினாங்க. அங்கிருந்து ஆரம்பிச்சு பகல் வெளிச்சத்துலயே ஒளிர்ற சாயம் வரைக்கும் போய், அப்புறம் கிளீவ்லாண்ட்ல கம்பெனி. ரெண்டாம் உலகப் போர்ல இந்த சாயம் போட்ட துணியைத் தரையில விரிச்சு வைப்பாங்க, மேல வர்ற சொந்த விமானத்துக்கு இது நம்ம ஆளுங்கன்னு தெரியணுமே, அதுக்கு. அதாவது ராணுவத்துக்கும் இந்தக் கலருக்கும் உறவு விமானத்துக்கு முன்னாடியே வந்துருச்சு.

இப்ப உங்க பெரிய கேள்வி. சண்டைக்குப் போற விமானம்தான் ஒளியணும். பயிற்சி விமானத்துக்கு எதிரி யாருன்னா அதே வானத்துல பறக்கற இன்னொரு விமானம். 50கள்ல ஜெட் வந்து வேகம் தாறுமாறா ஏறிப்போச்சு, ஆனா பாதி வானத்துல ராடார் கண்காணிப்பு கிடையாது, பைலட் ஜன்னல் வழியா பாத்து ஒதுங்கிக்கணும், அதான் விதி. 1956 ஜூன் 30, கிராண்ட் கேன்யன் மேல ரெண்டு பயணி விமானம் மோதி 128 பேரும் போயிட்டாங்க. 1958 ஏப்ரல் 21, லாஸ் வேகாஸ் பக்கம் யுனைடெட் கம்பெனியோட டிசி-7 பயணி விமானம் மேல அமெரிக்க ஏர்ஃபோர்ஸ் எஃப்-100 பயிற்சி ஜெட் மோதி 49 பேர். அடுத்த மாசமே மே 20, மேரிலாண்ட்ல ஒரு விஸ்கவுன்ட் பயணி விமானம் மேல டி-33 ஜெட் மோதி 12 பேர். பின்னால சொன்ன ரெண்டுலயும் ஒரு பக்கம் ராணுவப் பயிற்சி விமானம். அந்த ஆகஸ்ட்லயே அமெரிக்கால வான் போக்குவரத்து முழுக்க ஒரே அமைப்புக்குக் கீழ கொண்டுவர்ற சட்டம் வந்துருச்சு. மூக்கு, வால், இறக்கை நுனி எல்லாம் ஃப்ளோரசன்ட் சிவப்பு-ஆரஞ்சு பூசுறது பரவலானது இதே காலகட்டத்துலதான். பிரிட்டன், கனடா, மேற்கு ஜெர்மனி எல்லாரும் அதே வழியில போனாங்க.

ஒரு சின்ன கணக்கு. எதிரெதிரா வர்ற ரெண்டு ஜெட், ஒவ்வொண்ணும் மணிக்கு 800 கிமீ. ரெண்டும் நெருங்கற வேகம் செகண்டுக்கு சுமார் 444 மீட்டர். கண்ணுல பட்டு, அது விமானம்னு புரிஞ்சு, மோதும்னு தெரிஞ்சு, முடிவெடுத்து, ஸ்டிக்கைத் தள்ளி, விமானம் திரும்ப ஆரம்பிக்கறதுக்கு அமெரிக்க விமானத்துறை வச்சிருக்கற கணக்கு 12.5 செகண்ட். அப்படின்னா அஞ்சரை கிமீ தூரத்துலயே கண்ணுல பட்டாகணும். அதுவும் நேரா வர்ற ஜெட்டோட முகம் எவ்வளவு சின்னது, அந்த தூரத்துல ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை ஒரு செகண்ட் முன்னாடி காட்டினாலும் போதும்னுதான் இதைப் பூசினாங்க.

கருமேகம்

ரன்வே தம்பி, ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா கடைசி வரியில நான் ஒத்துப்போகல. அஞ்சரை கிமீ தூரத்துல கலரே தெரியாது. நம்ம கண்ணுக்கு ரொம்பச் சின்ன உருவத்துல கலர் பிரிக்கற சக்தி கிடையாது, பின்னணியை விட வெளிச்சமா இருட்டான்னு மட்டும்தான் தெரியும். மொட்டை மாடியில நின்னு உயரத்துல பறக்கற பருந்தைப் பாருங்க, அது காவி நிறம்னு நமக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியறது கருப்புப் புள்ளி. வானம் பிரகாசமா இருக்கறப்ப அதுல எது பறந்தாலும் கருப்பாத்தான் தெரியும். அப்ப பளீர்னு பூசினா என்ன ஆகும், வானத்தோட வெளிச்சத்துக்குப் பக்கத்துல வந்து இன்னும் கரைஞ்சுபோகும்.

இதை நான் சும்மா சொல்லல. இதே பிரிட்டிஷ் ஏர்ஃபோர்ஸ் டே-க்ளோவைக் கைவிட்டு, 60களோட பின்பாதில சிவப்பு வெள்ளை இளஞ்சாம்பல்னு மாறி ரொம்ப வருஷம் அதுலயே இருந்தாங்க. அப்புறம் 90கள்ல ஆராய்ச்சி பண்ணிப் பாத்து ஹாக், டுகானோ பயிற்சி விமானங்களைப் பூராவும் பளபள கருப்புக்கு மாத்திட்டாங்க. சிவப்பு வெள்ளையை விட கருப்புதான் வானத்துல முன்னாடி கண்ணுல படுதுன்னு முடிவு வந்துது. எனக்கு இந்த விஷயம் முக்கியம், ஏன்னா முப்பது வருஷம் கழிச்சு மறுபடியும் அளந்து பாத்து, பழக்கத்துல இருக்கறதை விட்டுட்டு நேரெதிரா போறதுக்கு ஒரு நேர்மை வேணும்.

ரன்வே_27

அண்ணே, வானம் பின்னணியா இருக்கறப்ப நீங்க சொல்றது முழுக்க சரி, அந்த வரியை நான் அளந்து சொல்லியிருக்கணும். ஆனா பின்னணி எப்பவும் வானம் இல்லையே. மேல இருந்து கீழ பாக்கறப்ப காடு, வயல், கடல், எல்லாம் இருட்டு. அதுக்கு எதிர்ல கருப்பு விமானம் காணாமலே போகும், ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு குத்திக்கிட்டு நிக்கும். அதுலயும் மேகமூட்டமான நாள்லயும் அந்தி நேரத்துலயும் வெளிச்சத்துல நீலம் ஜாஸ்தி, சாதா சிவப்பு அப்ப செத்துப்போகும், இது அந்த நீலத்தையும் ஆரஞ்சாக்கி விடறதால நின்னு எரியும். விழுந்து கிடக்கற விமானத்தைத் தேடறதுக்கும் பளீர் கலர் வேணும். அலாஸ்கா மாதிரி பனிப் பிரதேசத்துல பறந்த விமானங்களுக்கு வாலும் இறக்கை நுனியும் சிவப்பா பூசினது பனியில கண்டுபிடிக்கத்தான், அது பெரும்பாலும் ஃப்ளோரசன்ட் இல்லாத சிவப்பு.

டே-க்ளோவை விட்டதுக்குப் பெரிய காரணம் பராமரிப்புன்னு நான் நினைக்கறேன். வெள்ளை அடிப்பூச்சு, அதுமேல ஃப்ளோரசன்ட், அதுமேல பாதுகாப்புக்கு க்ளியர், இவ்வளவும் பண்ணி சில மாசத்துல வெளுத்துப்போய் மறுபடி சுரண்டி மறுபடி அடிக்கணும். பிரிட்டன்ல முதல்ல பெரிய பெரிய பேட்சா பெயிண்ட் அடிச்சாங்க, அப்புறம் ஒட்டுற பட்டையா மாத்தினாங்க, உரிச்சுட்டு புதுசு ஒட்டலாம்னுதான். இப்ப நம்ம விமானி தம்பியோட புதிர் தீர்ந்துருச்சு பாருங்க, மூக்குப் பட்டையைப் போன வாரம் மாத்தியிருப்பாங்க, வால் பட்டை போன வருஷத்துது.

ரொறொன்ரோக்காரன்

வணக்கம். நான் இஞ்ச கனடாவில இருக்கிறன், இந்தத் திரியைப் பாத்தோடன எழுதோணும் எண்டு நினைச்சன். இஞ்ச டி-33ஐ கனடெயர் லைசென்ஸ் எடுத்து ரோல்ஸ் ராய்ஸ் நீன் எஞ்சினோட கட்டினது, சில்வர் ஸ்டார் எண்டு பேர், மொத்தம் 656. அதுகளுக்கும் மூக்கு, வால், இறக்கை நுனி எரிபொருள் டாங்க் எல்லாம் டே-க்ளோதான் அடிச்சவை. ஊருக்கு ஊர் தூணில ஏத்தி வச்சிருக்கினம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னம் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சின்ன மியூசியத்துக்குப் போனனான், வெளியில ஒண்டு நிண்டது. பாக்க கவலையாக் கிடந்தது. நுனி டாங்கின்ர மேற்பக்கம் வெய்யிலும் பனியும் பட்டு வெளிறி, விரலால தொட்டா மாவு மாதிரிக் கையில ஒட்டுது, அந்த மாவும் இளம் ரோஸ். குனிஞ்சு டாங்குக்கு அடியில பாத்தன், நிழல்ப் பக்கம் இன்னும் சிவப்பு ஆரஞ்சு மிச்சம் இருக்கு. பக்கவாட்டில நிண்டு பாத்தா மேல இருந்து கீழ ரோஸில துவங்கி ஆரஞ்சுக்குப் போய் சிவப்பில முடியுது, ஆரோ வேணுமெண்டு கலந்து அடிச்ச மாதிரி. மகள் அதைத்தான் வடிவு எண்டு படம் எடுத்தவள். மாடல் கட்டுறவை மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் ஒரே கலரில அடிக்கிறதைப் பாத்தா எனக்கு அந்த டாங்க்தான் ஞாபகம் வரும்.

இன்னொரு விஷயம், போட்டோவை நம்பாதேங்கோ. கலர் ஃபிலிமும் சரி இப்பத்தையான் கமெராவும் சரி ஃபோன் திரையும் சரி, இந்தக் கலர் அவையின்ர எல்லைக்கு வெளியில நிக்குது, பிடிச்சுக் காட்ட ஏலாது, தட்டையா ஒரு ஆரஞ்சாத்தான் வரும். கறுப்பு வெள்ளையில வித்தியாசம் வாறது ஃபிலிமால. சிவப்பை உணராத பழைய வகை ஃபிலிம் எண்டா பட்டை கறுப்பா விழும், எல்லாக் கலரையும் உணருற ஃபிலிம் எண்டா வெளிறி விழும். ஒரே நாள் ஒரே விமானத்தை ரெண்டு பேர் எடுத்தாலும் ரெண்டு விதமா வரும்.

ஏர்பிரஷ்_ஆச்சி

எல்லாரும் விளக்கம் சொல்லிட்டீங்க, தம்பியோட ஸ்பூனுக்கு யாரும் பதில் சொல்லலையே. ஃப்ளோரசன்ட் பெயிண்ட் கண்ணாடி மாதிரிப்பா, வெளிச்சம் ஊடுருவிப் போய் அடியில பட்டுத் திரும்பி வரணும். அடியில சில்வர் இருந்தா சாம்பல் கலந்துதான் வரும், செங்கல் கலர் அதனாலதான். பட்டை வர்ற இடத்தை மட்டும் டேப் ஒட்டி மறைச்சு முதல்ல வெள்ளை அடி, நல்ல திக்கான வெள்ளை, அது ஒருநாள் காயட்டும், அதுமேல டிஎஸ்-36ஐ மெல்லிசா நாலஞ்சு கை. ஒரே தடவையில மூடிடணும்னு நினைக்காத, முதல் ரெண்டு கை பாத்தா ரோஸா திட்டுத்திட்டா பயமுறுத்தும், விட்டுடு, மூணாவதுல கூடிவரும். காஞ்சா சுண்ணாம்பு மாதிரி மேட்டா நிக்கும், க்ளியர் அடிச்சாத்தான் உயிர் வரும், ஆனா டெக்கால் (தண்ணியில நனைச்சு ஒட்டுற மாடல் ஸ்டிக்கர்) ஒட்டினதுக்கு அப்புறம் அடி.

டேப் எடுக்கறப்ப ஓரத்துல சின்னதா ஒரு வரப்பு நிக்கும், வெள்ளையும் சேத்து அத்தனை கோட் ஏறியிருக்கே. அதைத் தேய்க்காதன்னு நான் சொல்வேன், நிஜத்துலயும் ஒட்டின பட்டைக்கு ஓரம் இருந்துச்சு. பேனல் கோட்டுல கருப்பு வாஷ் (தண்ணியாக் கரைச்ச பெயிண்ட்) விடறதை இந்தப் பட்டை மேல மட்டும் பண்ணாத, ஒரு சொட்டு கருப்பு போதும் மொத்தப் பளீரும் போயிரும். கனடாத் தம்பி சொன்ன அந்த வெளுப்பு வேணும்னா வெள்ளையை ரொம்பத் தண்ணியாக் கரைச்சு மேற்பக்கம் மட்டும் தூரத்துல இருந்து பனி மாதிரி ஒரு கை விடு. வெள்ளை சேந்தா ஒளிர்வு சாகும், இங்க நமக்கு வேண்டியது அதுதானே.

பெட்டிக்குள்ள குடுக்கற ஆரஞ்சு டெக்காலை ஒட்டலாமேன்னு கேப்ப. அது அச்சு மை, சில்வர் மேல உக்காந்தா உன் ஸ்பூன் மாதிரியே ஆகும். பெயிண்ட்தான் நல்லது.

அட்டைப்பெட்டி_விமானி

எல்லாருக்கும் மனசார நன்றி. ஆச்சி சொன்னபடி புது ஸ்பூன் எடுத்து வெள்ளை மேல நாலு கை அடிச்சேன். நேத்து சாயங்காலம் ஆறரை மணி, மழை வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு இருந்துச்சு, லைட் போடாம எல்லா டெஸ்ட் ஸ்பூனையும் ஜன்னல் விளிம்புல வரிசையா வச்சு ரூம் வாசல்ல போய் நின்னு பாத்தேன். சிவப்பு அடிச்ச ஸ்பூன், சில்வர் மேல அடிச்ச ஸ்பூன் எல்லாம் சாம்பலாப் போச்சு, எது எதுன்னே சொல்ல முடியல. வெள்ளை மேல அடிச்சது மட்டும் அப்படியே எரியுது. ரன்வே அண்ணன் அந்தி நேரத்தைப் பத்தி எழுதினது அப்பதான் புரிஞ்சுது. ஃபோன்ல போட்டோ எடுத்தேன், ரொறொன்ரோ அண்ணன் சொன்ன மாதிரி தட்டையா ஒரு ஆரஞ்சு, அதனால இங்க போடல.

ஜெட் ப்ரோவோஸ்ட் டி.3 1959லதான் சர்வீஸுக்கு வந்துச்சு, நான் கட்றது 1962 கோடைன்னு வச்சுக்கறேன். மூக்குப் பட்டை புதுசு, வால் பட்டை ஒரு வருஷம் பழசு, இறக்கையில மேற்பக்கம் வெளுத்தும் கீழ்ப்பக்கம் அப்படியேவும். கருமேகம் அண்ணே, அடுத்து வாங்கறது கருப்பு ஹாக்தான், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தணும்.

ஸ்டிக்கர் கடை அண்ணன் சொன்னதையும் விடல. அதே ஸ்பூன்ல பாதிக்கு அலுமினியம் ஃபாயில் சுத்தி மொட்டை மாடியில தண்ணி டேங்க் மேல ஒட்டி வச்சிருக்கேன், க்ளியர் அடிக்காம. இன்னியோட மூணு நாள். மாசாமாசம் ஃபாயிலைப் பிரிச்சுப் பாத்து இங்கயே எழுதறேன்.